பாலைவனத்தில் வீடு: தண்ணீருக்கு வழி என்ன?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்துப் படிப்போமாயின், நாற்றிசை எல்லைகளும் பரப்புக் கணக்கும் சொல்லப்பட்ட பின்னர், கிணற்றிற் பங்கும் அதற்குச் செல்லும் வழியும் வாய்க்காலும் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். நொத்தாரிசு மறந்தாலும் வாங்குபவர் மறவார். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத தீபகற்பத்தில், நிலத்தடி நீரையே நம்பி வாழ்ந்த மக்களுக்கு, மண்ணையும் நீரையும் வெவ்வேறாக விலை பேச மனம் வராமற் போனது வியப்பன்று.

ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெறும் நிலத்தில் வாழும் நமக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. 7 அங்குலம் மட்டுமே பெறும் நிலத்திற் குடியேறுவோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலுள்ள அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரத்தில் மழை அவ்வளவே. ஆயினும் அந்நகரைச் சூழ்ந்த பாலைவெளியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான புதிய வீடுகள் எழுகின்றன. குளிர் நாட்டு முதியோர் வெயிலை நாடி வருகின்றனர். தொழிற்சாலைகளை நாடி இளைஞர் வருகின்றனர். அவர்களுள் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வீட்டின் அழகும் மலைக்காட்சியும் விலையும் கண்ணுக்குத் தெரிபவை. தண்ணீரோ குழாயைத் திறந்தால் வருகின்றது. எங்கிருந்து வருகின்றது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அங்ஙனம் கேளாதிருந்த ஓர் ஊரின் கதையைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன்னர், பாலைவனத்தின் நடுவே பெருநகர் ஒன்று எவ்வாறு நீரருந்தி வாழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

பீனிக்ஸ் நகரின் முதல் ஆதாரம் சோல்ற் ஆறும் அதனோடு கலக்கும் வேர்டே ஆறும் ஆகும். மலைகளிற் பெய்யும் பனியும் மழையும் இவ்வாறுகளாக இறங்கி வருகின்றன. 1911 இல் நிறைவெய்திய ரூஸ்வெல்ற் அணை அந்நீரைத் தேக்கி வைத்த பின்னரே அவ்விடத்தில் நகரம் நிலைபெற்றது. இரண்டாவது ஆதாரம் நெடுந்தொலைவிலுள்ள கொலறாடோ ஆறு. மாநிலத்தின் மேற்கெல்லையில் ஓடும் அவ்வாற்றின் நீரை 336 மைல் நீளமான கால்வாய் ஒன்று பீனிக்ஸிற்கும், அதற்கு அப்பால் டூசோன் நகரப் பகுதிக்கும் கொண்டு செல்கின்றது. 1973 இற் தொடங்கி 1993 வரையில் வெட்டப்பட்ட இக்கால்வாயில் நீர் தானாக ஓடிவருவதன்று. வழியில் ஏறக்குறைய 2,900 அடி உயரத்திற்கு அதனை இயந்திரங்களால் ஏற்றுதல் வேண்டும். ஆகவே அங்கே தண்ணீரின் விலையினுள் மின்சாரத்தின் விலையும் ஒளிந்திருக்கின்றது.

இக்கொலறாடோ ஆற்றின் மேல் ஏழு மாநிலங்களுக்கு உரிமை உண்டு. 1922 இல் அவை கூடிப் பங்கு பிரித்தபோது, ஆறு வழக்கத்திலும் மிகுதியாகப் பெருகியிருந்த சில ஆண்டுகளின் கணக்கையே அடிப்படையாகக் கொண்டன. இல்லாத நீரைப் பங்கிட்டுக் கொண்டனர் என்று சொல்வதிற் பெரும் பிழை இல்லை. பின்னர் 1968 இல், கால்வாய்க்கு மத்திய அரசின் அனுமதி பெறுவதற்காக, தட்டுப்பாடு வந்தாற் கலிபோர்னியாவிற்கு முன்பாகத் தன் கால்வாயின் பங்கைக் குறைத்துக் கொள்ள அரிசோனா உடன்பட்டது. அந்த உடன்பாட்டின் விலை 53 ஆண்டுகளின் பின் கேட்கப்பட்டது. 2021 ஓகஸ்டில், வரலாற்றில் முதன்முறையாகக் கொலறாடோ ஆற்றிற்குத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. 2022 இல் அரிசோனா தன் பங்கில் ஏறக்குறைய 18 வீதத்தை இழந்தது. அடுத்த ஆண்டில் 21 வீதத்தை இழந்தது. ஆற்றின் பெரு நீர்த்தேக்கமான மீட் ஏரி 2022 யூலையில், அது முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த 1937 இற்குப் பின் காணாத தாழ்ந்த மட்டத்திற்கு இறங்கிற்று.

இவ்விழப்பை முதலில் ஏற்றவர் வேளாண் மக்களே. நகர வீடுகளின் குழாய்கள் ஓய்ந்துவிடவில்லை. ஆற்று நீரும், கால்வாய் நீரும், நல்ல ஆண்டுகளில் நிலத்தினுள் இறக்கிச் சேமித்து வைத்த நீருமாகப் பல வழி உடையது பெருநகரம். ஒரு வழி அடைபட்டால் மறு வழி உண்டு. இதனாற் பெறப்படும் உண்மை ஒன்று: பாலைவனத்தில் வீடு வாங்குபவருக்குப் பெருநகர எல்லைக்குள் ஓடும் குழாயே மிகவும் பாதுகாப்பானது, பெரும்பாலும் மலிவானதும் அதுவே. நகர எல்லைக் கோட்டிற்கு அப்பால் அரை மைல் தள்ளி, பாதி வரியோடும் பெரிய வளவோடும் கிடைக்கும் வீட்டிலேதான் கேள்விகள் பிறக்கின்றன.

பவுசரை நம்பிய ஊர்

ஸ்கொட்ஸ்டேல் நகரின் எல்லையை அடுத்து, மலையடிவாரத்தில், றியோ வேர்டே ஃபுட்ஹில்ஸ் என்னும் குடியிருப்பு உளது. அது எந்த நகரசபைக்கும் உட்பட்டதன்று. மரிக்கோப்பா மாவட்டத்தின் நேர் நிர்வாகத்தில் இருப்பது. அங்கே ஏறக்குறைய 2,000 வீடுகள் உள்ளன. அழகிய வீடுகள், குதிரை வளர்ப்போரும் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. ஆனால் ஏறக்குறைய 500 வீடுகளின் கீழே போதிய நீர் இல்லை. அல்லது இருந்த நீர் இறங்கிப் போயிற்று. அவ்வீட்டார் வளவினுள் 5,000 கலன் அளவான தாங்கியைப் புதைத்து, பவுசரில் வரும் நீரை அதில் நிரப்பி, அங்கிருந்து பம்பி மூலம் வீட்டிற்குள் எடுத்தனர். வெளியே நின்று பார்ப்போர்க்கு அவ்வீட்டிற்கும் நகர வீட்டிற்கும் வேறுபாடு தெரியாது. குழாயைத் திறந்தால் நீர் வரும்.

பவுசர்க்காரர் அந்நீரை ஸ்கொட்ஸ்டேல் நகரத்தின் நிரப்பு நிலையத்தில் விலைக்குப் பெற்று வந்தனர். பல ஆண்டு நடந்த வழக்கம் ஆதலின் அதனை உரிமை என்றே பலர் எண்ணிவிட்டனர். ஆனால் நகரசபை தன் எல்லைக்கு வெளியே உள்ளவர்க்கு நீர் கொடுப்பதாக எங்கும் கையொப்பமிட்டதில்லை. கொலறாடோத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட 2021 ஆம் ஆண்டிலேயே, வெளியூர்க்குச் செல்லும் நீர் நிறுத்தப்படும் என்று நகரசபை முன்னறிவித்தது. மக்கள் இரு பிரிவினராயினர். ஒரு பிரிவினர் தமக்கென ஒரு நீர்ச்சபை அமைத்து நீருரிமை வாங்க வேண்டும் என்றனர். மற்றொரு பிரிவினர், சபை என்றால் வரி வரும், நிலத்தைக் கவரும் அதிகாரமும் வரும் என்று எதிர்த்தனர். தனியார் நிறுவனமே நன்று என்றனர். கிணறுடையவருக்கு இதில் அக்கறை குறைவு. 2022 ஓகஸ்டில் மாவட்ட மேற்பார்வையாளர் சபை அத்திட்டத்தை நிராகரித்தது. 2023 யனவரி 1 ஆம் திகதி நகரசபை சொன்னபடியே நிறுத்திவிட்டது. வழக்காடியும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

அதன் பின் நடந்தவை உலகச் செய்தித்தாள்கள் யாவற்றிலும் வெளிவந்தன. பவுசர்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்று காத்துக் கிடந்து நீர் கொணர்ந்தன. கலன் ஒன்றுக்கு 4 சதமளவில் இருந்த விலை 11 சதமளவிற்கு ஏறியதாகச் செய்திகள் கூறின. மழைநீரை வாளிகளில் ஏந்தி மலசலகூடத்திற்கு ஊற்றினோரும், கழுவுவதைத் தவிர்க்கக் கடதாசித் தட்டில் உண்டோரும் அங்கே இருந்தனர். இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான வீடுகளினுள் இது நிகழ்ந்தது. பின்னர் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுச் சிறப்புச் சட்டம் ஒன்றை 2023 யூனில் நிறைவேற்ற, அவ்வாண்டு ஒக்டோபரில் ஸ்கொட்ஸ்டேல் வழியாக நீர் மீண்டும் கிடைத்தது. 2025 இன் இறுதி வரையான இடைக்கால ஏற்பாடே அது. நிலையான வழியை அமைக்கும் பொறுப்பு, கனடாவின் எட்மன்டன் நகரத்திற்குச் சொந்தமான எப்கோர் என்னும் நீர் நிறுவனத்திடம் விடப்பட்டது.

இச்செய்தியைப் படித்த பலர் நகரசபையைக் கல்நெஞ்சம் உடையதென ஏசினர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் வரியிறுப்போர்க்கு முதற்கடமை செய்ய வேண்டியது நகரசபை, முன்னறிவித்தலும் செய்தது. குறை வேறிடத்தில் உள்ளது. அதை விளங்கிக்கொள்ளச் சட்டத்திலுள்ள ஓர் எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

1980 இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பீனிக்ஸ், டூசோன் முதலிய பகுதிகளில் ஒரு நிலத்தை ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து வீடு கட்டி விற்பவர், அவ்வீடுகளுக்கு 100 ஆண்டுக்குப் போதிய நீர் உண்டென்று முதலில் நிரூபித்தல் வேண்டும் என்பது அதன் கீழ் உண்டான விதி. எத்துணை நல்ல விதி! ஆனால் ஐந்து துண்டுகளாகப் பிரிப்பவரை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஐந்தாகப் பிரித்து, அதிலொன்றை வேறொருவர் பெயருக்கு மாற்றி, அவர் அதை மீண்டும் ஐந்தாகப் பிரித்தால், நாளடைவில் ஓர் ஊரே உண்டாகிவிடும்; நூறாண்டு நீருக்கு யாரும் பொறுப்பில்லை. றியோ வேர்டேயில் வீடுகள் பெருகிய வழி இதுவே. ஆகையால் அந்நாட்டில் வீடு வாங்குபவர், இவ்வீடு நிற்கும் துண்டு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்று கேட்பது, நாம் உறுதியின் தோம்பை ஆராய்வதற்கு நிகரானது.

நூறாண்டு விதியும் கல்லில் எழுதியதன்று. 2023 யூனில் மாநில நீர்த் திணைக்களம் பீனிக்ஸ் பகுதியின் நிலத்தடி நீரைக் கணக்கிட்டு, அடுத்த 100 ஆண்டின் தேவையில் ஏறக்குறைய 4 வீதம் பற்றாது போகும் எனக் கண்டது. அன்று முதல் நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி பெறுதல் நிறுத்தப்பட்டது. முன்னரே சான்று பெற்ற மனைகளுக்கு இதனால் இடரில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி வீட்டுச் செலவைப் பார்ப்போம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு குறிப்பு: அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், நம் முன்னோர் அறிந்த ஆங்கிலக் கலனோ 4.546 லீற்றர். கீழே வருவன யாவும் அமெரிக்கக் கலனே.

சராசரி அமெரிக்கக் குடும்பம் வீட்டில் நாளொன்றுக்கு 300 கலனுக்கு மேற்பட்ட நீரைச் செலவிடுகின்றது என்பது அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. 300 என்றே கொண்டால் மாதத்திற்கு 9,000 கலன். பெருநகரக் குழாய் நீரின் விலை பொதுவாகக் கலனொன்றுக்கு ஒரு சதத்திலும் குறைவு. ஆகவே 90 டொலருக்குள் அடங்கும். அதே நீரைப் பவுசரில் 4 சதத்திற்கு வாங்கினால் 360 டொலர். 11 சதத்திற்கு வாங்கினால் 990 டொலர். பத்து மடங்கிற்கு மேல்! நீர் ஒன்றே, வந்த வழிதான் வேறு. நாளொன்றுக்கு 100 கலனோடு சிக்கனமாக வாழ்ந்தாலும், 11 சத விலையில் மாதம் 330 டொலர் ஆகின்றது. வீட்டு விலையில் மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகை சில ஆண்டுகளிற் பவுசர்க்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த 300 கலனில் வீட்டினுள்ளே செலவாவது எவ்வளவு என்பதும் கேட்கத்தக்கது. வறண்ட பகுதிகளில் வீட்டு நீரில் 60 வீதம் வரையில் வெளியே, அதாவது புல்லுக்கும் மரத்திற்கும், போகக்கூடும். நீச்சற் குளம் உடையவர் மற்றொரு கணக்கையும் பார்த்தல் வேண்டும். அவ்வெயிலில் திறந்த குளத்திலிருந்து ஓராண்டில் நாலடி முதல் ஆறடி வரையிலான நீர் ஆவியாகி விடும். 400 சதுர அடிக் குளத்தில் ஐந்தடி ஆவியானால் ஏறக்குறைய 15,000 கலன். காற்றை ஈரப்பாய் வழியே இழுத்துக் குளிரச் செய்யும் பழைய முறைக் குளிரூட்டிகளும் நீரைக் குடிப்பவையே. மின்சாரத்தில் மிச்சம், தண்ணீரிற் செலவு. இக்காரணத்தாலேயே பாலை நிலத்திற் பழகியவர் புல்வெளியைக் களைந்து, சரளைக்கல் பரப்பி, அந்நிலத்திற்கே உரிய கள்ளி வகைகளையும் பாலோ வேர்டே மரத்தையும் வைத்துக்கொள்கின்றனர். அயல் மாநிலமான நெவாடாவில், பயனின்றி அழகுக்கு மட்டும் வைக்கும் பொதுவிடப் புல்லுக்குக் கொலறாடோ நீரை ஊற்றுதல் 2026 இன் இறுதியோடு நிற்க வேண்டும் என 2021 இற் சட்டமே வந்தது.

மழைநீரைச் சேமித்தால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 620 கலன் கிடைக்கும். கூரை 2,000 சதுர அடி, மழை 7 அங்குலம் எனின் ஆண்டு முழுவதற்கும் 8,700 கலன். மேற்சொன்ன குடும்பத்தின் ஒரு மாதச் செலவுக்கே அது பற்றாது. தோட்டத்து மரத்திற்கு உதவும்; குடும்பத்தைக் காப்பாற்றாது.

கிணறு என்னும் முதல்

நகரக் குழாய்க்கும் பவுசருக்கும் இடைப்பட்டது கிணறு. நம்மூர்க் கிணற்றை மனதிற் கொள்ள வேண்டாம். அது நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்குத் துளைக்கப்பட்ட குழாய்க் கிணறு. எட்டிப் பார்த்து நீர் உண்டா என்று அறிய முடியாது. அடிக்கு இவ்வளவு எனக் கூலி பேசித் துளைப்பர். நீர் கிடைத்தாலும் கிடைக்காவிடினும் துளைத்த அடிக்குக் கூலி உண்டு. எல்லாம் சேர்ந்து பல பத்தாயிரம் டொலர் ஆகும்.

இறைக்கும் செலவோ பலர் அஞ்சுமளவிற்கு இல்லை. 500 அடி ஆழத்திலிருந்து மாதம் 9,000 கலன் ஏற்றுவதற்குக் கணக்கின்படி 14 அலகு மின்சாரம் போதும். பம்பியின் பாதித் திறன் வீணாகும் என்று கொண்டாலும் 28 அலகுதான். அது சில டொலர். செலவு மறைந்திருப்பது வேறிடத்தில். நீருள் அமிழ்ந்திருக்கும் பம்பி பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டியது. அதை 500 அடியிலிருந்து மேலே தூக்குவதற்கே இயந்திரமும் ஆட்களும் வேண்டும். ஆகவே மாதந்தோறும் கட்டணச் சீட்டு வராத கிணற்றுக்காரர், சீட்டு வந்ததாகவே எண்ணிக் கொஞ்சப் பணத்தைத் தனியே வைத்துவருதல் வேண்டும். மின்சாரம் நின்றால் நீரும் நிற்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

விற்பவர் குழாயைத் திறந்து காட்டி, “பாருங்கள், எவ்வளவு வேகமாக வருகின்றது!” என்பார். அது சான்றாகாது. தாங்கியிற் சேர்ந்திருந்த நீரும் அவ்வாறு பாயும். பல மணி நேரம் தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறிற்று என அளந்து எழுதப்பட்ட பரிசோதனையே சான்று. இதில் வியப்பானது ஒன்றுண்டு. நிமிடத்திற்கு ஒரே கலன் மட்டும் ஊறும் எளிய கிணறும் நாளொன்றுக்கு 1,440 கலன் தருகின்றது. அது மேற்சொன்ன குடும்பத்திற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. போதிய தாங்கி ஒன்று இருந்தால் அக்கிணறு போதும். கால் மணி நேரம் பீறிட்டுப் பாய்ந்து ஓயும் கிணற்றைக் காட்டிலும், மெல்ல ஆனால் ஓயாது ஊறும் கிணறு மேலானது.

ஊறுவது மட்டுமன்று, எத்தனை ஆண்டு ஊறும் என்பதே பெருங்கேள்வி. 400 அடிக் கிணறு ஒன்றில் நீர்மட்டம் 340 அடியிலும் பம்பி 380 அடியிலும் உள்ளன எனக் கொள்வோம். நீர்மட்டத்திற்கும் பம்பிக்கும் இடையே 40 அடி. அப்பகுதியின் நீர்மட்டம் ஆண்டுக்கு 2 அடி இறங்குமாயின் 20 ஆண்டில் பம்பி வெறும் காற்றை இழுக்கும். இறைக்கும்போது மட்டம் மேலும் தாழும் ஆதலின் உண்மையில் அதற்கு முன்பே அந்நாள் வரும். வீட்டை ஈடு வைத்துப் பெற்ற கடனோ 30 ஆண்டுக்கு உரியது. கிணறு முடிந்த பின்னும் பத்தாண்டு கடன் கட்டிக்கொண்டிருக்க நேரிடும்!

நீர்மட்டம் இறங்குவது வீட்டாரின் செலவினால் அன்று. துலாவால் இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து எடுக்கக்கூடிய நீருக்கு மனிதனின் தோளே எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்ததும் அவ்வெல்லை நீங்கிற்று என்பதை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் அறிவர். அரிசோனாவின் தென்கிழக்கில் வில்கொக்ஸ் நகரைச் சூழ்ந்த சமவெளியில், பெரும் பண்ணைகள் மிக ஆழமான கிணறுகள் வெட்டி இறைக்க, அயலிலுள்ள சிறு வீட்டுக் கிணறுகள் வற்றின. நிலம் தாழ்ந்து நீண்ட வெடிப்புகளும் உண்டாயின. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு அப்பகுதிக்கு எட்டவில்லை. கட்டுப்பாடு வேண்டுமா என்று 2022 இல் வாக்கெடுப்பு நடந்தபோது அயலிலுள்ள டக்ளஸ் பகுதி மக்கள் வேண்டும் என்றனர். வில்கொக்ஸ் மக்கள் வேண்டாம் என்றனர். 2024 இன் இறுதியில் மாநில அரசே தலையிட்டு வில்கொக்ஸையும் கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்தது. மேற்கே லா பாஸ் மாவட்டத்தில், சவூதி அரேபிய நிறுவனம் ஒன்றின் பண்ணை கால்நடைத் தீவனத்திற்காக இறைக்கும் நீரால் அயலவர் கிணறுகள் கெடுகின்றன என்று மாநிலச் சட்டமா அதிபர் அதே ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தார். ஆகவே வீட்டின் கிணற்றை ஆராய்வதோடு நில்லாது, அயலில் ஒரு சில மைல் சுற்றளவில் யார் எவ்வளவு இறைக்கின்றார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். மாநில நீர்த் திணைக்களத்தின் கிணற்றுப் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது; ஆழம், துளைத்த ஆண்டு, அக்காலத்து நீர்மட்டம் ஆகியவற்றை அதில் தேடிப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 35 கலனுக்கு மேற்படாத வீட்டுக் கிணறுகளுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லையாயினும், பதிவு உண்டு. வாங்கியவர் தம் பெயருக்குப் பதிவை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

பங்குக் கிணறு அங்கும் உண்டு. நாலைந்து வீடுகள் ஒரு கிணற்றைப் பகிர்ந்துகொள்வதாயின், மின்சாரச் செலவு யாருடையது, பம்பி கெட்டால் யார் எவ்வளவு கொடுப்பது, ஒருவர் கொடாதுவிட்டால் என்ன செய்வது என்பவற்றை எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருத்தல் வேண்டும். இவ்விடயத்தில் நம்மவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கிணற்றுப் பங்கு பற்றிய வழக்குகளை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றோம்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று. அமெரிக்கத் தென்மேற்கின் பாறைகளில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்துள்ள இடங்கள் பல. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. பொது நீர் வழங்கல்களில் அது லீற்றருக்கு 10 மைக்குரோகிராமிற்கு மேற்படலாகாது என்பது 2006 முதல் நடைமுறையிலுள்ள விதி. ஆனால் 1974 ஆம் ஆண்டின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வீட்டுக் கிணற்றைத் தொடாது. தன் கிணற்றைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்சனிக், நைத்திரேற்று, புளோரைட்டு, கிருமி ஆகிய நான்கையேனும் தேர்ந்த ஆய்வுகூடத்திற் சோதிப்பித்தல் அவசியம். கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். ஆர்சனிக்கும் நைத்திரேற்றும் போகா, நீர் வற்றுவதனாற் செறிவு கூடுதலே செய்யும். வீட்டுக் குடிநீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் கருவி இவற்றைக் குறைக்கும். ஆயினும் ஒரு கலன் நல்ல நீருக்கு ஐந்து கலனையோ அதற்கு மேலுமோ கழிவாக விடும் கருவிகளும் உண்டு. பவுசர் நீரை நம்புவோர் அதனை வாங்கு முன் இக்கணக்கையும் போட்டுப் பார்த்தல் நன்று.

இனி எஞ்சியது பத்திரம். நகர எல்லைக்கு வெளியே, ஐந்து அல்லது அதற்குக் குறைந்த துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட நிலத்தை விற்பவர், அரிசோனாச் சட்டப்படி வெளிப்படுத்தற் சத்தியக் கூற்று ஒன்றைக் கையொப்பமிட்டுக் கொடுத்தல் வேண்டும். வீட்டு நீர் குழாயில் வருகின்றதா, கிணற்றில் வருகின்றதா, பவுசரில் வருகின்றதா என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உடைமை கைமாறுவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அது வாங்குபவர் கைக்கு வருதல் வேண்டும். வந்த பின் ஐந்து நாள்களுக்குள் அவர் விரும்பினாற் பேரத்தை முறித்துக்கொள்ளலாம். பல பக்கப் பத்திரங்களுக்கு நடுவே வரும் இத்தாளைப் படியாது கையொப்பமிடுவோர் உண்டு. ஐந்து நாள் என்பது ஆய்வுகூடத்திற்கு நீர் அனுப்பி முடிவு பெறுவதற்கே பற்றாது போகலாம். ஆதலின் இத்தாள் வரும்வரை காத்திராது, விலை பேசத் தொடங்கும்போதே கிணற்றுப் பரிசோதனையையும் நீர்ச் சோதனையையும் தொடங்குவித்து, அவற்றின் முடிவைப் பொறுத்தே வாங்குவதாக உடன்படிக்கையிலும் ஒரு வரி எழுதுவித்துக்கொள்ளுதல் வேண்டும்.